பாயிண்ட் மாற்றினால் என்ன செய்வது

என் வேலை என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மாமியாரைக் கேட்டால், "கம்ப்யூட்டர்ல டைப் அடிக்குது" என்பார். கணவர் 'சாஃப்ட்வேர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார், அதில் கொஞ்சம் கௌரவம் இருக்கிறதல்லவா. உண்மையில் நான் டெக்னிக்கல் ரைட்டர். ஒரு மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று, பயன்படுத்தப் போகிறவருக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறவள். பெங்களூரில் பல வருடம் இந்த வேலைதான் பார்த்தேன். திருச்செங்கோட்டுக்கு வந்தும் அதையே பார்க்கிறேன் என்றால், "அதுக்குன்னு ஒரு ஆளுங்களா?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்கிற எவரையும் நான் மன்னிப்பதில்லை. மிக்சியோடு வரும் சின்னப் புத்தகத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, மிக்சி ஓடவில்லை என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போகிறவர்கள் அவர்கள். ஆனால் யாருக்கும் புரியாதபடி அந்தப் புத்தகத்தை எழுதி வைத்த புண்ணியவானையும் நான் மன்னிப்பதில்லை.

பிரபாகர் சாரின் கம்பெனி சங்ககிரி ரோட்டில், போர்வெல் வண்டிக்குப் பாறை துளைக்கும் பிட்டும் ஹேமரும் விற்கிற ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முதலாளி, புரோகிராமர், காபி வாங்கி வருபவர் எல்லாம் அவரேதான். அவர் செய்த ஆப்பின் பெயர் 'ரிக் தோழன்'. எங்கள் ஊர் ரிக் வண்டிகள், அதாவது போர்வெல் வண்டிகள், ஊரில் நிற்பதைவிட வடக்கே மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று ஓடுவதுதான் அதிகம். வண்டியோடு மேனேஜர் ஒருவர் போவார். முதலாளி இங்கே இருப்பார். எந்தப் பாயிண்டில் (துளை போடும் இடத்தைத்தான் இப்படிச் சொல்வார்கள்) எத்தனை அடி ஓட்டினார்கள், மண் சரியாமலிருக்கப் போடும் கேசிங் பைப் எவ்வளவு இறங்கியது, டீசல் எவ்வளவு குடித்தது என்பதை மேனேஜர் அங்கிருந்து போனில் தட்டினால், முதலாளி இங்கே வீட்டில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொள்ளலாம். யோசனை நல்ல யோசனை. பிரபாகர் சார் கெட்டிக்காரர், அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அவருடைய உதவிப் பக்கங்கள்தான் கொடுமை. ஆங்கிலத்தில் எழுதி, ஏதோ ஒரு மெஷினில் போட்டுத் தமிழாக்கி வைத்திருந்தார். 'பயனர் தம் நற்சான்றுகளை உள்ளிட்டு உட்புகவும்' என்று ஆரம்பிக்கும். துளைக்குள் இறக்கும் இரும்பு ராடு என்பது அதில் 'தண்டு'. பாயிண்ட் என்பது 'புள்ளி'. கிரீஸ் கையோடு, வெயிலில், காது செவிடாகும் கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவே ஒருவர் இதைப் படித்து உட்புகுவாராம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே இதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று சொன்னேன். "மொதல்ல கம்ப்ளைன்ட் குறையட்டும் ஜெயா, அப்புறம் பாக்கலாம்" என்றார். கம்ப்ளைன்ட் எதனால் வருகிறது என்று கேட்டதற்கு, "எவனும் படிக்கறதில்ல" என்றார்.

கம்ப்ளைன்ட் ஒரே மாதிரிதான் வந்துகொண்டிருந்தது. ஆப்பில் ஆழம் தாறுமாறாகக் காட்டுகிறது. பிலாஸ்பூர் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியில் ஒரே போர் நாலாயிரம் அடியைத் தாண்டிப் போயிருந்தது. அந்த வண்டியின் முதலாளி சௌந்திரம் அம்மா போன் செய்து, "ஏந்தம்பி, எம்பட வண்டி பாதாள லோகத்துக்கே போயிருச்சா?" என்று கேட்டார்.

சௌந்திரம் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் போன பிறகு அரை டஜன் ரிக் வண்டிகளை ஒற்றை ஆளாக நடத்துகிறவர். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவர் ஒரு பொருளைச் சரியில்லை என்று சொல்லிவிட்டால், ரிக் வைத்திருக்கும் மற்றவர்கள் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர் வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

பிரபாகர் சார் என்னைக் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது. "அந்தம்மா போயிட்டா மத்தவங்களும் போயிருவாங்க ஜெயா. கம்பெனியே நிக்காது. தப்பா நெனச்சுக்காதீங்க, இந்த டாக்குமெண்ட் வேலையெல்லாம் இனி வேண்டாம். திங்கக்கெழமையிலிருந்து நீங்க போன்ல உக்காந்துக்கங்க. கூப்பிடறவங்களுக்குப் பதில் சொன்னாப் போதும்."

எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொள்ளத் தண்ணீர் குடித்தேன். போனில் பேசுவது கேவலமான வேலை என்பதல்ல. ஒரே கேள்விக்கு நாள் முழுக்க ஒரே பதிலைச் சொல்வதென்றால், அந்தப் பதிலை ஒருமுறை சரியாக எழுத இந்தக் கம்பெனியில் ஆளில்லை என்று அர்த்தம். நான் இருந்தேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார். வண்டி ஓடறத ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வாரேன்."

"போர் போடறதுல பாக்க என்ன இருக்குது?" என்றாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

சௌந்திரம் அம்மாவின் வண்டி ஒன்று சர்வீசுக்காக ஊருக்கு வந்திருந்தது. மறுபடி வடக்கே கிளம்பும் முன் மல்லசமுத்திரம் பக்கம் வேல்முருகன் என்பவர் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டியில் போய் இறங்கினேன். மேனேஜர் பெயர் மணியன். நாற்பது வயதிருக்கும், தலை முதல் கால் வரை சாம்பல் நிறப் பாறை மாவு. ஆப் கம்பெனி என்று சொன்னதும் அவர் பார்த்த பார்வையில், நான் ஏதோ சீட்டுக் கம்பெனி நடத்தி ஓடிப்போனவள் போல உணர்ந்தேன்.

ராடு மேல் ராடாக இறங்கியது. தோட்டக்காரரும் மனைவியும் வேப்பமரத்தடியில் நின்று துளையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாவு மட்டும்தான் புகையாக எழும்பியது. தண்ணீர் வராத பாயிண்டை இவர்கள் 'புகை' என்பார்கள், அதையும் தோட்டக்காரர் காதுபடச் சொல்ல மாட்டார்கள். கடைசி ராடும் இறங்கிப் புகையே வந்தபோது, அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மணியன் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். பிறகு போனை எடுத்தார். அருகில் நின்ற எனக்குத் திரை தெரிந்தது. ஆப் இரண்டு பொத்தான்களைக் காட்டியது. பச்சையில் 'வெற்றி'. சிவப்பில் 'தோல்வி'.

மணியன் ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். வேப்பமரத்தடியைப் பார்த்தார். எதையும் தொடாமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, ஒண்ணும் போடாம வெச்சுட்டீங்க?"

"அதெப்படிங்க மேடம் போடறது?" என்றார். "அந்தம்மா அங்க நின்னு அழுகுது. நாளைக்கு அதே காட்டுல அடுத்த பாயிண்டுக்கு எலுமிச்சம்பழம் வெச்சுப் பூஜை போடோணும். அதுக்குள்ள இதே கையில தோல்வின்னு அமுக்கீட்டுப் போயி நிக்கறதுங்களா? நாங்க அந்தச் சொல்லையே சொல்ல மாட்டமுங்க. வண்டியக் கொஞ்சம் நகத்திப் பாக்கலாமுங்கன்னுதான் சொல்லுவோம்."

"அப்ப இந்தக் கணக்கு?"

"அது அப்படியே கெடக்குமுங்க. நாளைக்கு அதுலயே தொடர்ந்து போட்டுருவோம்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஆப் தவறாகக் கூட்டவில்லை. ஆப்பில் முதல் போரின் கணக்கை யாரும் மூடவே இல்லை. அடுத்த போரின் அடிகள் முதல் போரின் தலையில் ஏறி, அதற்கடுத்ததும் ஏறி, பாதாளம் வரை போய்விட்டது. சேலம் நாமக்கல் வட்டாரத்து ரிக்காரர்கள் எல்லோரும், ஒருவரையொருவர் கேட்காமலேயே, ஒரே தவறை ஒரே காரணத்துக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். தவறு என்று அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஆபீசுக்கு வந்து பிரபாகர் சாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மூட நம்பிக்கைக்கெல்லாம் கோட் எழுத முடியுமா ஜெயா? அந்த ரிசல்ட்ட வெச்சுத்தான் ரிப்போர்ட்டே வருது. இப்பக் கைவெச்சா வெள்ளிக்கெழமை ஆப்பே தெறக்காது."

பெருமாள் கோயில் படி ஏறும்போது வலது காலை முன்னால் வைக்கிற மனிதர்தான் இதைச் சொன்னார். நான் என் மேசைக்குப் போய், ஆப்பைத் திறந்து, ஒவ்வொரு மூலையாகத் தொட்டுப் பார்த்தேன். என் வேலையில் பாதி இதுதான். மாலைக்குள் கிடைத்துவிட்டது. மேலே ஓரத்தில் மூன்று சின்னப் புள்ளிகள், அதைத் தொட்டால் ஒரு பட்டியல், அதன் அடியில் 'பாயிண்ட் மாற்று'. அதைத் தொட்டதும் பழைய போர் தானாக மூடிக்கொண்டது. வெற்றியா தோல்வியா என்று கேட்கவே இல்லை. விவரத்தை முதலாளி பின்னால் நிரப்பிக்கொள்ளலாம் என்று ஒரு வரி வந்தது. புதுப் பாயிண்ட் பூஜ்யத்தில் நின்றது.

"இது என்ன சார்?"

எட்டிப் பார்த்தார். "அட, இது எப்பவோ பண்ணுனது. பாறையில பிட் மாட்டி வண்டிய நகத்துனா உதவட்டும்னு. மறந்தே போச்சு."

"உதவிப் பக்கத்துல சொல்லியிருக்கீங்களா?"

"இருக்கும்."

இருந்தது. 'இதர' என்ற தலைப்பின் கீழே, கடைசியில், 'புள்ளியை இடமாற்றம் செய்தல்'. எந்த ரிக் மேனேஜரும் தன் வாழ்நாளில் புள்ளியை இடமாற்றம் செய்ததில்லை. மருந்து வீட்டிலேயே இருக்க, நோயாளி ஊரெல்லாம் அலைந்துகொண்டிருந்தான்.

அன்றே உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதினேன். ஆப்பின் திரைகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதை மறந்துவிட்டு, மணியனின் நாள் எந்த வரிசையில் போகிறதோ அந்த வரிசையில் எழுதினேன். வண்டி நிறுத்தியதும் என்ன, ராடு இறங்கும்போது என்ன, கேசிங் போட்டதும் என்ன, தண்ணீர் வந்தால் என்ன, பாயிண்ட் மாற்றினால் என்ன. எழுத்துகள் பெரிசு, வரிகள் சின்னவை. தொட வேண்டிய இடத்தைப் படமாகப் போட்டு வட்டம் இட்டேன். தோல்வி என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே வராமல் பார்த்துக்கொண்டேன். பிரபாகர் சாரிடம் காட்டியபோது, "ஆப்புக்கு ஒரு தாளா? பாக்கறவங்க சிரிப்பாங்க" என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பழமொழி வேறு சொன்னார். சுரைக்காயைச் சமைத்துப் பார்க்காமலே சொல்கிறார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, காலையில் கீழே இருந்த ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்துக்கொண்டு மல்லசமுத்திரம் கிளம்பினேன்.

என் தொழிலில் ஒரு விதி உண்டு. எழுதியதைப் படித்து ஒருவர் செய்து பார்க்கும்போது, எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. நான் வாயடக்கத்துக்குப் பெயர் போனவள் அல்ல. மணியனிடம் தாளைக் கொடுத்து, "நான் ஒண்ணும் சொல்ல மாட்டனுங்கண்ணா, இதப் பாத்து நீங்களே பண்ணுங்க" என்றேன். அவர் பொறுமையாக ஒருமுறை முழுவதும் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

புதுப் பாயிண்டுக்கு வண்டி நகர்ந்தது. சக்கரங்களுக்கு முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை அதன்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். பிறகு சூடம், தேங்காய். வேல்முருகனின் மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டார். தேங்காய் உடைந்தது, மணியன் கை காட்டினார், கம்ப்ரசர் அலறியது. மணியன் 'பாயிண்ட் மாற்று' தொடவே இல்லை. 'போர் ஆரம்பிக்கும் முன் தொடவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். முதல் ராடு முழுக்க இறங்கிய பிறகுதான் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு போனை எடுத்தார்.

"மறந்துட்டனுங்க மேடம். படிச்சேன், ஆனா மறந்துட்டேன்."

அவர் மறக்கவில்லை, என் வரிதான் தப்பு. 'ஆரம்பிக்கும் முன்' என்று ஒரு நேரம் அந்தத் தோட்டத்தில் கிடையாது. ஒருவர் ஜாக்கி வைக்கிறார், ஒருவர் ஹோஸ் மாட்டுகிறார், போர் பிடித்துக்கொடுத்த ஏஜெண்ட் போனில் கத்துகிறார், எது ஆரம்பம்? ஆனால் எந்தக் களேபரத்திலும் இவர்கள் மறக்காத ஒன்று இருந்தது. அது என் கண்ணெதிரே சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்தது.

ஸ்கூட்டி சீட்டின்மேல் தாளை வைத்து, அந்த வரியை அடித்துவிட்டுப் பேனாவால் எழுதினேன்: 'எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்ததும், முதலில் பாயிண்ட் மாற்று தொடுங்க. அப்புறம் பழம் வையுங்க.'

மணியன் வாங்கிப் படித்தார். தன் போனில் அந்தத் தாளைப் படம் பிடித்தார். என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

மத்தியானத்துக்கு மேல் புகையின் நிறம் மாறியது. மாவு ஈரமாகிச் சேறாகி, சட்டென்று வெள்ளையாகத் தண்ணீர் வண்டி உயரத்துக்கு எழும்பியது. எல்லோரும் நனைந்தோம். தோட்டக்காரரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நான்தான் தண்ணீரை வரவழைத்தவள் போல. மணியன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பச்சைப் பொத்தானைத் தொட்டார். இந்தத் தடவை எல்லோரும் பார்க்கும்படி, கையை நன்றாக நீட்டி வைத்துக்கொண்டு தொட்டார்.

வெள்ளிக்கிழமை சௌந்திரம் அம்மா மாடியேறி வந்தார். பிரபாகர் சார் வாங்கி வைத்த இளநீரைத் தொடவில்லை. "தம்பி, நீ நல்ல பையன். ஆனா எனக்கு இது ஒத்து வரலீப்பா" என்று மெதுவான குரலில் ஆரம்பித்தார். பிரபாகர் சார் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்ப் பாவமாகிவிட்டது. "இங்க பாரு, பிலாஸ்பூர் வண்டியில" என்று அம்மா போனைத் திறந்தார். விரலால் தள்ளினார். நிறுத்தினார். மறுபடி தள்ளினார்.

"இதென்னது, இந்த ரெண்டு மூணு நாளா ஒழுங்கா நிக்குது. ஒவ்வொரு பாயிண்டும் தனித்தனியா இருக்குதே."

"அப்டேட் ஒண்ணு..." என்று பிரபாகர் சார் தடுமாறினார். அப்டேட் எதுவும் போடவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அம்மா அவரை நம்பவில்லை. அங்கேயே பிலாஸ்பூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்த வண்டி மேனேஜர் சின்னண்ணன் எடுத்தார்.

"ஏஞ் சின்னண்ணா, கணக்கு எப்படிச் சரியாச்சு?"

"அந்தத் தாளப் பாத்துப் போடறமுங்க."

"எந்தத் தாளு?"

"எலுமிச்சம்பழத் தாளுங்க. மணியன் குரூப்புல போட்டு உட்டாப்ல. நம்ம வண்டி அத்தனையிலும் அதான் ஓடுது. மத்தவங்க வண்டியிலும் கேட்டு வாங்கிக்கறாங்க. பழம் எடுக்கையில அமுக்கோணுமுங்க, அவ்வளவுதான். இத மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க ஏனுங்க உங்ககிட்ட பேச்சு வாங்கறோம்?"

அம்மா போனை வைத்தார். "யாரு எழுதுனது அது?"

"எங்க டீம்தானுங்க" என்றார் பிரபாகர் சார்.

இதற்கு மேல் வாயடக்கம் எனக்குக் கட்டாது. "நான்தானுங்கம்மா எழுதினேன்" என்றேன். "அடுத்ததா டீசலுக்கும் கேசிங்குக்கும் எழுதலாம்னு இருந்தேன். ஆனா திங்கக்கெழமையிலிருந்து நான் போன் எடுக்கோணும். எழுத முடியாதுங்க."

சௌந்திரம் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இளநீரைக் கையில் எடுத்துக்கொண்டு பிரபாகர் சார் பக்கம் திரும்பினார். "போன் எங்க இருக்குது தம்பி?"

போன் மேசைமேல் இருந்தது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. காலையிலிருந்து அது ஒருமுறைகூட அடிக்கவில்லை. பிரபாகர் சார் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார், தன் செல்லிலிருந்து அதற்கு ஒரு ரிங் கொடுத்தும் பார்த்தார். அடித்தது. எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான்.

"புகை வந்த பாயிண்ட்ட நான் ஊட்ல இருந்து குறிச்சுக்கறேன்" என்றார் அம்மா. "எனக்குத் தெரிஞ்சாப் போதும், காட்டுக்காரங்க முன்னாடி எம்பட ஆளுக அத அமுக்க வேண்டாம். அம்மிணி எழுதற ஒவ்வொரு தாளும் எனக்கு வந்தரோணும். ரிக் சங்கத்துல மத்தவங்களுக்கும் நானே சொல்றேன்." படியிறங்கும்போது இளநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனார்.

அவர் போன பிறகு பிரபாகர் சார் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஜெயா, அந்தச் செவப்புப் பொத்தான எடுத்துட்டு, அதே எடத்துல பாயிண்ட் மாற்று வெச்சறட்டுமா?" என்று கேட்டார். வையுங்க சார் என்றேன். "பேரு சரியா இருக்குதா?" என்று கேட்டார். ஒரு புரோகிராமர் என்னிடம் இப்படிக் கேட்டது என் சர்வீசிலேயே அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது, ஸ்கூட்டியில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

சில வாரம் கழித்து மணியனின் வண்டி வடக்கே கிளம்பியது. பிட் எடுக்கக் கீழே கடை முன்னால் காலையில் நிறுத்தியிருந்தார்கள். மணியன் என்னைக் கீழே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். புது ஆப்புக்குத் தகுந்தபடி நான் திருத்தி எழுதிய தாளை லேமினேஷன் செய்து, கேபினுக்குள் அர்த்தநாரீஸ்வரர் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். வண்டிக்குப் பூஜை முடிந்து, சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் வைத்த கையோடு, தாளின் நாலு மூலைக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார் மணியன். பெங்களூரில் ஒருமுறை எனக்குக் கண்ணாடியில் செய்த விருது ஒன்று கொடுத்தார்கள். அது இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாது. இங்கே என் தாளுக்குப் பொட்டு வைத்தார்கள், எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இருந்தாலும் என் புத்தி போகுமா. மேல் மூலைக் குங்குமம் கொஞ்சம் வழிந்து, முக்கியமான வரியை மறைத்திருந்தது.

"ஏனுங்கண்ணா, அந்த வரி தெரிய மாட்டேங்குதே. தொடச்சு உடுங்க."

மணியன் வண்டியில் ஏறி உட்கார்ந்தபடி தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எலுமிச்சம்பழத்தக் கையில எடுத்ததும் மொதல்ல பாயிண்ட் மாற்று தொடுங்க, அப்புறம் பழம் வையுங்க" என்று மந்திரம் மாதிரி ஒப்பித்தார். பின்னாலிருந்த ராடுக்காரர்கள் இரண்டு பேரும் கூடவே சொன்னார்கள்.

"குங்குமம் இருக்கட்டுங்க மேடம். வாரமுங்க" என்றார். வண்டி சங்ககிரி ரோட்டில் ஏறியது.